கூட யார் போவது?

தமிழ்நாட்டில் முதியோர் இல்லம் என்ற சொல்லை எடுத்தாலே ஒரு பட்டிமன்றம் கூடிவிடும். முதியோர் இல்லங்கள் பெருகக் காரணம் மகனா, மருமகளா? பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தொலைக்காட்சியில் இந்தத் தலைப்பைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. பேச்சாளர்கள் குரல் தழுதழுப்பார்கள். நடுவர் தன் தாயை நினைத்துக் கண் கலங்குவார். சுற்றிச் சுற்றி வந்து பழி மருமகள் தலையில் இறங்கும். சில வருடம் மகனுக்கும் பங்கு கிடைக்கும். அன்பு குறைந்துவிட்டது என்று தீர்ப்பு வரும். கைதட்டி முடித்து அடுத்த நிகழ்ச்சிக்குப் போவோம்.

இந்தக் கண்ணீர் எப்போதும் இல்லத்தின் வாசலிலேயே நின்றுவிடுகிறது. பாட்டியை இறக்கிவிட்டு மகனின் கார் திரும்பும் காட்சியோடு நம் சினிமாவும் சிறுகதையும் மேடையும் முடிந்துவிடுகின்றன. அதன் பிறகு அந்தப் பாட்டி எங்கேயும் போகமாட்டாரா? போவார். சர்க்கரைக்கு மாதம் ஒருமுறை போகவேண்டும். கண்புரை அறுவைக்குப் போகவேண்டும். சிறுநீரகம் பழுதானால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகவேண்டும். கீழே விழுந்தால் எக்ஸ்ரேவுக்கு, ஓய்வூதியம் நிற்காமலிருக்க ஆயுள் சான்றுக்கு, தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிக்கு, பேத்தி கல்யாணத்துக்கு, தங்கையின் சாவுக்கு. இல்லத்தில் வாழ்கிற ஒரு பெண்ணுக்கு இன்னும் எத்தனையோ பயணங்கள் மிச்சமிருக்கின்றன. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரே கேள்விதான்: கூட யார் போவது?

மகனா மருமகளா என்பதைவிட இந்தக் கேள்வி எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏனென்றால் இதற்குத் தமிழ்ச் சமூகம் காலகாலமாக ஒரே விடையைத்தான் வைத்திருந்தது: வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு பெண். அந்த விடை செல்லாத இடம் முதியோர் இல்லம். அங்கே நாம் வேறொரு விடை கண்டுபிடித்திருக்க வேண்டும். கண்டுபிடிக்கவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டோம்.

*

2018 பிப்ரவரியை நினைத்துப்பாருங்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூருக்குப் பக்கத்தில் பாலேஸ்வரம் என்ற ஊர். அங்கே ஆதரவற்ற முதியோருக்கான இல்லம் ஒன்று நடந்துவந்தது. அந்த இல்லத்தின் வண்டி ஒன்றிலிருந்து ஒரு மூதாட்டியின் கூக்குரல் கேட்டுச் சாலையில் மக்கள் மறித்தார்கள். கதவைத் திறந்தால் உள்ளே காய்கறி இருந்தது, துணி சுற்றிய ஒரு சடலம் இருந்தது, அவற்றோடு உயிருள்ள மூதாட்டி ஒருவரும் முதியவர் ஒருவரும் இருந்தார்கள்.

நாடே கொதித்தது. தங்கள் மீதான குற்றச்சாட்டுகளை இல்லத்தார் மறுத்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள், ஆய்வுகள் நடந்தன, அங்கிருந்த நூற்றுக்கணக்கானவர்கள் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டார்கள். ஆனால் அந்த நாட்களில் நாம் பேசியது எதை? எலும்பு வியாபாரம் நடக்கிறதா என்று பேசினோம். நடத்துகிறவர் எந்த மதம் என்று பேசினோம். கல்லறை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பேசினோம். தொலைக்காட்சி விவாதங்களில் ஆண்கள் நான்கு பெட்டிகளில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கத்தித் தீர்த்தார்கள்.

அந்த மூதாட்டி எதன்மேல் உட்கார்ந்திருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. இருக்கை இருந்ததா? பெல்ட் இருந்ததா? தண்ணீர் கொடுக்க, சிறுநீர் கழிக்க இறக்கிவிட, பயந்தால் கையைப் பிடிக்க, பக்கத்தில் ஒரு ஆள் இருந்தாரா? எங்கே போகிறோம் என்று அவருக்கு யாராவது சொன்னார்களா? சடலத்தையும் காய்கறியையும் பார்த்து அதிர்ந்த நமக்கு, கூட ஒரு பெண் இல்லாமல் ஒரு மூதாட்டி வண்டியில் ஏற்றப்பட்டிருக்கலாம் என்பது அதிர்ச்சியாகப் படவில்லை. அது நமக்குப் பழகிய காட்சி. சடலம் மட்டும் இல்லாதிருந்தால் அந்த வண்டியை யாரும் செய்தியாக்கியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். மாற்றப்பட்ட நூற்றுக்கணக்கானவர்கள் எப்படி மாற்றப்பட்டார்கள்? யாருடைய மருந்துச்சீட்டு யாரோடு போனது? பக்கத்துக் கட்டிலில் இருந்த சிநேகிதியைப் பிரிய மாட்டேன் என்று சொன்னவரை யார் கேட்டார்கள்? மீட்பு என்கிற சொல்லும் ஒரு வண்டிதான். அதிலும் கூட யார் போனார்கள் என்று பார்க்கவேண்டும்.

*

சட்டம் என்ன சொல்கிறது என்று மாணவிகள் கேட்பார்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. அதன் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது என்ற கணக்கில் குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. கவனியுங்கள், அமைக்கலாம். 20ஆம் பிரிவு மருத்துவ வசதி பற்றியது. அரசு மருத்துவமனைகளில் முதியோருக்கு இயன்றவரை படுக்கை தரவேண்டும், தனி வரிசை அமைக்கவேண்டும் என்கிறது.

தனி வரிசை நல்ல விஷயம். ஆனால் அந்த வரிசைக்கு அவர் எப்படி வந்து சேர்வது? சட்டத்துக்குக் கட்டில் தெரிகிறது, வரிசை தெரிகிறது, நடுவில் இருக்கிற சாலை தெரியவில்லை. இடுப்பெலும்பு ஒட்டாத ஒரு பெண் இல்லத்தின் கட்டிலிலிருந்து ஆஸ்பத்திரியின் தனி வரிசைக்குக் காற்றில் மிதந்து வருவார் என்று எழுதியவர்கள் நினைத்தார்கள் போலும். அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, முதியவரைக் கைவிடும் நோக்கத்தோடு எங்கேயாவது விட்டுச்செல்கிறவருக்கு மூன்று மாதச் சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ என்கிறது. நோக்கத்தோடு விட்டால்தான் குற்றம். ஓட்டுநர் ஒருவரை நம்பி அனுப்பிவிட்டு, அவர் இறக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட, மருத்துவமனை நடையில் நான்கு மணிநேரம் தனியாகக் கிடந்தால் அதற்குப் பெயர் என்ன? அதற்கு எந்தப் பிரிவிலும் பெயரில்லை.

2019 டிசம்பரில் இச்சட்டத்துக்குத் திருத்த மசோதா ஒன்று மக்களவைக்கு வந்தது. இல்லங்களுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கவேண்டும் என்று அதில் இருந்தது. அந்த மக்களவையின் காலம் முடியும்வரை அது நிறைவேறவில்லை.

நம் மாநிலத்தின் வண்டிகளையும் எண்ணிப்பார்ப்போம். உயிருக்கு ஆபத்தென்றால் 108. அது 2008 முதல் ஓடுகிறது, எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. பிரசவம் ஆன தாயையும் சிசுவையும் வீட்டில் கொண்டுபோய் விட 102 இருக்கிறது. அரசு மருத்துவமனையில் இறந்தவரை ஊருக்குக் கொண்டுசேர்க்க இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. பிறப்புக்கு வண்டி உண்டு, ஆபத்துக்கு வண்டி உண்டு, சாவுக்கு வண்டி உண்டு. ஆபத்தும் இல்லாமல் சாவும் இல்லாமல், செவ்வாய்க்கிழமை காலை புறநோயாளிச் சீட்டு வாங்கப் போகவேண்டிய எண்பது வயதுப் பெண்ணுக்கு வண்டி இல்லை. செத்த பிறகு மரியாதையாக ஏற்றிச் செல்கிற அரசு, இருக்கும்போது ஆட்டோ பிடித்துக்கொள் என்கிறது.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை மறக்கவில்லை. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருவது பெரிய விடுதலை. அதையும் வாசல் வாசலாக நடந்து செய்கிறவர்கள் பெண்கள்தான். ஆனால் டயாலிசிஸ் எந்திரம் வாசலுக்கு வராது. எக்ஸ்ரே வராது. தங்கையின் சாவும் வாசலுக்கு வராது.

*

பெண்களுக்குப் பேருந்து இலவசம் ஆயிற்றே என்பார்கள். ஆயிற்று. 2021இல் வந்த அந்தத் திட்டம் என் மாணவிகள் பலரின் வாழ்க்கையை மாற்றியிருக்கிறது. ஆனால் சீட்டு இலவசம் ஆனதால் படி தாழ்ந்துவிடவில்லை. தாழ்தளப் பேருந்துகள் சென்னைக்குத் திரும்பி வந்தது 2024 ஆகஸ்டில்தான். அதுவும் மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றப் படியேறி நடத்திய நீண்ட வழக்குக்குப் பிறகு. மற்ற ஊர்களில் முழங்கால் தேய்ந்த பெண்கள் இன்றும் கம்பியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, பின்னாலிருந்து யாராவது தாங்க, உடம்பை மேலே இழுத்துக்கொள்கிறார்கள். அந்த யாராவதுதான் இந்தக் கட்டுரை.

ஏன் பெண்களை மட்டும் பேசுகிறாய் என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 60 வயதைக் கடந்தவர்கள் இந்தியாவில் ஏறத்தாழ 10.4 கோடி. அதில் பெண்கள் 5.3 கோடி, ஆண்கள் 5.1 கோடி. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2021 மதிப்பீட்டில் முதியோர் விகிதம் மிக அதிகமான மாநிலம் கேரளம், 16.5 சதவீதம். அடுத்தது தமிழ்நாடு, 13.6 சதவீதம். தன்னைவிட மூத்தவனைக் கட்டிக்கொண்டு, அவன் படுக்கையில் விழுந்த வருடங்களில் அவனுக்கு எல்லாம் செய்து, அவன் போன பிறகு தனியாக நிற்பவர் பெண். ஆணின் முதுமைக்குக் கூடப்போக ஒரு மனைவி இருக்கிறாள். மனைவியின் முதுமைக்குக் கூடப்போக யாருமில்லை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேய்கிற உடம்பும் அவருடையதே. ஓட்டுநர் திடீரென்று பிரேக் அடித்தால் இளைஞனுக்கு நெற்றி வீங்கும். அவருக்கு இடுப்பு முறியும். முறிந்த இடுப்போடு படுத்தவர் எழாமலே போவதும் உண்டு.

கையில் இருக்கும் பணமும் அப்படித்தான். சம்பளத்துக்குப் போகாமல் வாழ்நாளெல்லாம் உழைத்தவருக்கு ஓய்வூதியம் கிடையாது. அரசின் முதியோர் உதவித்தொகை மாதம் 1200 ரூபாய். தனியார் ஆம்புலன்ஸ் ஒருமுறை போய்வந்தாலே அந்தத் தொகை காணாமல் போகும்.

*

இதுவரை கூடப்போனவர்கள் யார்? என் வகுப்பின் வருகைப்பதிவேட்டைக் காட்டுகிறேன். எழுபத்தைந்து சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வெழுத முடியாது. பருவத்தின் கடைசியில் வருகை குறைந்தவர்கள் வந்து நிற்பார்கள். பையன்கள் சொல்லும் காரணங்கள் பலவிதம். பெண்பிள்ளைகளின் காரணம் திரும்பத் திரும்ப ஒன்றுதான். "பாட்டிகூட ஜி.எச். போயிட்டேன் மிஸ். கூட ஆளில்ல." அம்மா நூறுநாள் வேலைக்கோ பனியன் கம்பெனிக்கோ போயிருப்பார். அண்ணன் சும்மா இருந்தாலும் அவனை யாரும் கேட்பதில்லை. பாட்டியைக் கழிவறைக்கு யார் கூட்டிப்போவது என்று ஒரு காரணம் சொல்வார்கள். பேரனுக்கு அது ஏன் தெரியாமல் வளர்த்தீர்கள் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

இதை அரசின் கணக்கும் சொல்கிறது. 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயதுவரையான பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டாரைப் பராமரிக்கும் வேலை செய்தார்கள். ஆண்களில் 21.4 சதவீதம். அப்படிச் செய்த பெண்கள் ஒரு நாளில் 140 நிமிடம் செலவழித்தார்கள், ஆண்கள் 74 நிமிடம். குழந்தை வளர்ப்பும் இதில் அடக்கம். என்றாலும் யார் நேரம் யாருக்காகப் போகிறது என்பது தெரிகிறது.

நம் மருத்துவமனைகள் இந்த இலவச நேரத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. உள்ளே நுழைந்ததும் முதலில் வரும் கேள்வி, "பேஷண்ட்கூட அட்டெண்டர் யாரு?" ஸ்ட்ரெச்சர் தள்ள, சீட்டுக்கு நிற்க, இரத்தத்தை லேபுக்குக் கொண்டுபோக, ரிசல்ட் வாங்கிவர, மருந்து வாங்க, தட்டு வைக்க ஓர் அட்டெண்டர் வேண்டும். அவர் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லை. ஆனால் அவர் இல்லாமல் ஒரு வார்டும் ஓடாது. முதியோர் இல்லத்திலிருந்து தனியாக வந்து இறங்குகிற பெண் இந்த முதல் கேள்வியிலேயே தோற்றுப்போகிறார்.

தமிழ் படித்தவள் என்பதால் ஒன்று தோன்றுகிறது. சங்க அகப்பாடல்களில் தலைவி உடன்போக்கில் போய்விட்டால் நற்றாய் வீட்டிலிருந்து புலம்புவாள். பாலை வழியில் இறங்கித் தேடிப்போகிறவள் செவிலித்தாய். பெற்றவளுக்குப் புலம்பல், வளர்த்தவளுக்கு நடை. தேடிப்போன செவிலியின் களைப்பைப் பேசும் குறுந்தொகையின் 44ஆம் பாட்டைப் பாடியவர் வெள்ளிவீதியார் என்ற பெண் என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. அந்தச் செவிலியின் பெயரைத்தான் இன்று நாம் செவிலியருக்கு வைத்திருக்கிறோம். புலம்புகிற வேலையைப் பட்டிமன்றம் எடுத்துக்கொண்டது. நடக்கிற வேலை மட்டும் அதே செவிலியிடம் இருக்கிறது.

*

இல்லங்களில் அந்த வேலையைச் செய்கிறவரைப் பெரும்பாலும் செவிலியர் என்றுகூட அழைப்பதில்லை. ஆயா என்கிறோம். வட மாவட்டங்களில் ஆயா என்றால் பாட்டி. ஆக வண்டிக்குள் இரண்டு ஆயாக்கள். ஒருவர் நாற்காலியில் இருக்கிறார், இன்னொருவர் அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பிடித்துக்கொண்டிருப்பவருக்கும் ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். அவரும் விதவையாகவோ கைவிடப்பட்டவராகவோ இருப்பார். இரவு வேலை முடித்தவரையே காலையில் வண்டியில் ஏற்றியிருப்பார்கள். வண்டிப் புத்தகத்தில் கிலோமீட்டர் இருக்கும், டீசல் இருக்கும், ஓட்டுநர் கையெழுத்து இருக்கும். இரண்டு ஆயாக்களின் பெயரும் இருக்காது.

சக்கர நாற்காலியைக் கையால் பிடித்துக்கொள்வது பாதுகாப்பில்லை. இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஓடும் வண்டியில் நாற்காலி முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். வண்டியின் தரையோடு நான்கு இடங்களில் பட்டையால் இறுக்கவேண்டும். நாற்காலியைக் கட்டுவது வேறு, ஆளைக் கட்டுவது வேறு. அவருக்கு மடியிலும் தோளிலுமாக வண்டியோடு இணைந்த தனி பெல்ட் வேண்டும். இவை உலகம் முழுக்க ஒப்புக்கொள்ளப்பட்ட விதிகள். நம் ஊரில் என்ன செய்கிறோம்? பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கி வேனுக்குள் வைக்கிறோம். பிடித்துக்கொள் என்கிறோம். விபத்தில் அவர் விழுந்தால் பிடித்திருந்த ஆயாவின் கவனக்குறைவு என்று எழுதுவோம். வண்டி வாங்கியவர் கையெழுத்து அந்த அறிக்கையில் இருக்காது. மேற்பார்வை தவறியது என்ற வாக்கியத்தில் தவறியவர் எப்போதும் மிகக் குறைந்த சம்பளம் வாங்கும் பெண்.

பணக்கார இல்லங்களில், பணக்கார நாடுகளில் இப்படி நடக்காது என்று ஒரு நம்பிக்கை நமக்கு உண்டு. 2005 செப்டம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ரீட்டா புயலுக்கு அஞ்சி ஊர்களைக் காலிசெய்தார்கள். ஹூஸ்டனை ஒட்டிய பெல்லேரில் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து முதியவர்களும் செவிலியருமாக 44 பேரை ஏற்றிக்கொண்டு ஒரு பேருந்து டல்லாஸுக்குப் புறப்பட்டது. பிற்பகல் மூன்று மணிக்குக் கிளம்பி, நெரிசலில் ஊர்ந்து, பதினைந்து மணிநேரம் கழித்தும் போய்ச்சேரவில்லை. மறுநாள் விடிகாலை வில்மர் என்ற ஊருக்கருகே பின்சக்கரம் பழுக்கக் காய்ந்து தீப்பிடித்தது. 23 பேர் இறந்தார்கள். சக்கர பேரிங்குக்குப் போதிய மசகு இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. எழுந்து நடக்கமுடியாதவர்களை அந்தச் சில நிமிடங்களில் இறக்க முடியவில்லை என்பதும் தெரிந்தது. மசகு போடாத சக்கரமும் போதாத கைகளும் எந்த நாட்டிலும் கொல்லும். வெள்ளம் வரும் என்று தெரிந்த சென்னையின் தாழ்வான புறநகர்களில் இயங்கும் இல்லங்கள், அடுத்த டிசம்பரில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை எந்த வண்டியில், எத்தனை கைகளால் ஏற்றப்போகின்றன என்று எழுதி வைத்திருக்கின்றனவா? 2015ஐப் பார்த்த ஊர் இது.

*

இங்கே ஓர் எச்சரிக்கை. பாதுகாப்பு என்று நாம் கேட்டதும் இந்தச் சமூகம் பூட்டைத்தான் எடுத்துக்கொண்டு வரும். பெண்ணுக்குப் பாதுகாப்பு என்றால் விடுதியின் கதவை ஆறு மணிக்குச் சாத்துவது என்று கற்றவர்கள் நாம். முதுமையிலும் அதே பூட்டு. வாசலில் கேமரா வைப்பார்கள், நடையில் கேமரா வைப்பார்கள். பொறுப்பாளராகக் கையெழுத்திட்ட மகனின் அனுமதி இல்லாமல் பக்கத்துக் கோயிலுக்கும் போகக்கூடாது என்பார்கள். பெண் வாழ்நாள் முழுக்க ஏதாவதொரு ஆணின் காவலில் இருக்கவேண்டும் என்ற மனுவின் விதி, இல்லத்தின் சேர்க்கைப் படிவத்தில் இன்றும் ஒரு கட்டமாக இருக்கிறது. விபத்து நடக்காமலிருக்க எளிய வழி யாரையும் வெளியே விடாமலிருப்பது. அந்த வழியைக் கேட்டு நான் எழுதவில்லை.

கண்காணிப்பு வேறு, கூட இருப்பது வேறு. கண்காணிக்கிறவர் தூரத்திலிருந்து உன்னைப் பார்க்கிறார், நீ அவரைப் பார்க்கமுடியாது. கூட இருப்பவரின் கை உன் கையில் இருக்கிறது. மறதிநோய் உள்ள ஒருவரை முன்பின் தெரியாத வண்டியில் ஏற்றினால் குழம்பிப்போவார், கதவைத் திறக்கப் பார்ப்பார். கேமரா அதைப் பதிவு செய்யும். பழகிய ஒரு பெண் பக்கத்தில் இருந்து அவர் பெயரை அவர் விரும்புகிறபடி கூப்பிட்டால் கை கதவை விட்டுக் கீழே இறங்கும். தொழில்நுட்பம் என்று இதற்கும் ஒரு பெயர் வைத்தால் ஒருவேளை சம்பளம் கொடுப்பார்கள்.

ஆகவே கேட்கவேண்டியவை இவை. ஓட்டுநரைத் தவிர, பயிற்சி பெற்ற, சம்பளம் பெறும் ஒருவர் இல்லாமல் எந்த இல்லத்திலிருந்தும் எந்த முதியவரும் வண்டியேறக்கூடாது. அவர் பெயர் வண்டிப் புத்தகத்தில் இருக்கவேண்டும். யார், எத்தனை மணிக்கு, எங்கே, யாருடன் போனார், எத்தனை மணிக்குத் திரும்பினார் என்பது எழுதப்படவேண்டும். முதியவரோடு ஒரு தாளும் போகவேண்டும். அவர் சாப்பிடும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்து, காது கேட்கும் கருவி, கண்ணாடி, பல்செட், விழும் பயம் உண்டா, எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார் என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். ஆளேற்றும் வண்டியில் சரக்கோ சடலமோ ஏற்றக்கூடாது. சாய்தளமும் நாற்காலியைக் கட்டும் பட்டையும் இல்லாத வண்டிக்கு இல்லத்தின் பெயர்ப்பலகை எழுத அனுமதி தரக்கூடாது. மருத்துவமனையில் அட்டெண்டர் யாரென்று கேட்பதை நிறுத்தி, தனியாக வருபவருக்கு ஓர் உதவியாளரை மருத்துவமனையே தரவேண்டும். 108க்கும் அமரர் ஊர்திக்கும் நடுவில், உயிரோடிருப்பவர்களின் சாதாரண நாட்களுக்கு ஒரு வண்டியை அரசு ஓட்டவேண்டும். போகலாமா என்று முதியவரையே கேட்கவேண்டும். வேண்டாம் என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்பிருக்கவேண்டும்.

இவற்றோடு ஆயாவின் கோரிக்கையும் சேர்ந்தே வரவேண்டும். வரையறுத்த நேரம், குறைந்தபட்சக் கூலி, விபத்துக் காப்பீடு, பின்னிரவில் திரும்பினால் வீடு சேர வண்டி. கோரிக்கையை இரண்டாகப் பிரித்தால் நாம் தோற்போம். முதியவரின் பாதுகாப்பைக் காட்டி ஆயாவை இன்னும் நசுக்குவார்கள். ஆயாவின் சம்பளத்தைக் காட்டி முதியவரின் கட்டணத்தை ஏற்றி, இரண்டு பெண்களையும் மோதவிடுவார்கள். மாமியாரையும் மருமகளையும் மோதவிட்டுப் பட்டிமன்றம் நடத்தப் பழகியவர்களுக்கு இது கடினமான வேலை இல்லை.

இதற்கெல்லாம் ஏது பணம் என்று கேட்பார்கள். இத்தனை காலம் இந்த வேலைக்குப் பணம் செலவாகாததற்குக் காரணம், மகளும் மருமகளும் பேத்தியும் தங்கள் கூலியையும் படிப்பையும் விட்டுவிட்டு அதைச் செய்தார்கள். அந்தக் கடன் யார் ஏட்டிலும் எழுதப்படவில்லை. இப்போது அந்தப் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், வேறு ஊரில் இருக்கிறார்கள், அல்லது அவர்களே முதியவர்கள் ஆகிவிட்டார்கள். இலவசம் முடிந்துவிட்டது. முடிந்ததை அன்பு குறைந்துவிட்டது என்று மொழிபெயர்க்கிறார்கள். குறைந்தது அன்பா, இலவச உழைப்பா என்று அடுத்த பட்டிமன்றத்துக்குத் தலைப்பு வைக்கட்டும்.

இதைப் படிக்கிற மாணவிகளில் பலர் நாளை செவிலியராக, சமூகப் பணியாளராக, வழக்குரைஞராக, அதிகாரியாக ஒரு முதியோர் இல்லத்துக்குள் நுழைவீர்கள். சமையலறையைக் காட்டுவார்கள், பூஜையறையைக் காட்டுவார்கள், மரம் நட்டதைக் காட்டுவார்கள். எல்லாம் பார்த்த பிறகு வண்டிப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லுங்கள். நேற்று யார் வெளியே போனார்கள், கூட யார் போனார்கள் என்று கேளுங்கள். அந்த இரண்டாவது பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள்.